ஜெபகனி எதற்குச் சிரித்தாள்

என் ஜோக்குக்குச் சிரித்த ஒரே ஆள் ஜெபகனிதான். நான் இதைப் பெருமையாகச் சொல்லும்போதெல்லாம் என் மனைவி, "அந்தப் புள்ளையால எந்திரிச்சுப் போக முடியாதுல்லா" என்பாள். பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

என் பெயர் கொம்பையா. பட்டிமன்றப் பேச்சாளன், முன்னாள். நான் எழுந்து மைக்கைப் பிடித்தால் கூட்டத்துக்கு டீ ஞாபகம் வந்துவிடும். நடுவர் மணியடித்து என்னை உட்கார வைக்கும்போதுதான் கைதட்டல் கேட்கும். சில வருடங்கள் அந்தக் கைதட்டலையும் என் கணக்கில் எழுதிக்கொண்டு காலம் தள்ளினேன். பிறகு கோவில்பட்டி 'கைத்தாங்கல்' இல்லத்தில் மக்கள் தொடர்பு அலுவலராகச் சேர்ந்தேன். அங்கே கூட்டம் எல்லாம் சக்கர நாற்காலியில், பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

எங்கள் இல்லத்தில் இருந்தவர்களுக்கு ஒரு குறையோடு நின்றதில்லை. நடக்க முடியாது, பேச முடியாது, விழுங்க முடியாது, இடையிடையே வலிப்பு, பார்வையும் அரைகுறை. ஒரு குறை உள்ளவருக்கு ஒரு துறை இருந்தது. எல்லாக் குறையும் உள்ள ஆளை ஒவ்வொரு துறையும் அடுத்த துறைக்குக் கைகாட்டியது. கைகாட்டிய வழியிலேயே நடந்து கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தவர்கள்தான் எங்கள் ஆட்கள்.

என் வேலை பிறந்தநாள்காரர்களைக் கவனிப்பது. பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் நினைவு நாள் என்று யாராவது ஒருவர் மதியச் சாப்பாடு போட வருவார்கள். கேக் டிரோனில் வந்து இறங்கும், பாதி உருகி. எங்கள் ஆட்களை வரிசையாக நிறுத்தி வைப்போம். முன்பின் தெரியாதவருக்கு வாழ்த்துப் பாட்டு பாடுவோம். வந்தவர் பேசுவார், அழுவார், படம் எடுப்பார். அதற்கப்புறம்தான் சாப்பாடு. அந்த இடைவெளியை நிரப்ப நான் ஜோக் சொல்வேன்.

"ஒரு மாப்பிள்ளை முதல் தடவையா மாமியார் வீட்டுக்குப் போனானாம்..."

உடனே வரிசையின் கடைசியிலிருந்து "ஹ்ஹேஏ!" என்று ஒரு சத்தம் வரும். ஜெபகனியின் தலை பின்னால் சாயும், வாய் முழுதாகத் திறக்கும், தோள் குலுங்கும். ஜோக் முடியும்வரைகூடப் பொறுக்க மாட்டாள். அவ்வளவு ரசனை. பிறந்தநாள்காரர்களும் அவளைப் பார்த்துவிட்டு மரியாதைக்குச் சிரித்து வைப்பார்கள்.

அவளுக்கு அப்போது இருபத்தேழு வயது. ஒல்லியான உடம்பு, அம்மா பின்னிவிட்ட இரட்டைச் சடை. வயிற்றில் பதித்த குழாய் வழியாகத்தான் உணவு. வெளிச்சமும் நிழலும் தெரியும், முகம் தெரியாது. காது மட்டும் கூர்மை. இடது காலில் மாட்டிய சாக்ஸ் எப்போதும் கழன்று கிடக்கும். கால் விரல்கள் சில சமயம் தாமாகவே மடங்கி நிமிரும், அதில் நழுவிவிடும். வலிப்பின் மிச்சம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாங்களும் மாட்டி மாட்டி விட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் ஒப்புதல் சட்டம் வந்தது. யாரையும் அவரைக் கேட்காமல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றக் கூடாது. பேச்சில்லாதவர் என்றால் கேட்பதற்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். நல்ல சட்டம். வழி ஒரு அட்டைப்பெட்டியில் வந்தது. கழுத்துக்கு ஒரு மெல்லிய பட்டை, நாற்காலிக் கையில் ஒட்டுவதற்கு ஒரு சின்ன ஸ்பீக்கர். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாததால் நாங்கள் 'சொல்லி' என்று கூப்பிட்டோம்.

கூடவே ஹிதாயா வந்தாள். காயல்பட்டினத்துப் பெண், அந்தக் கருவியைச் செய்த குழுவில் ஒருத்தி. முகத்தில் எப்போதும் ஒரு சந்தேகம் இருக்கும்.

"இது மனசைப் படிக்குமாம்மா?" என்று கேட்டேன்.

"மனசெல்லாம் படிக்காது சார். மூச்சு, தொண்டை, கழுத்துத் தசை, நெஞ்சுத் துடிப்பு, இவ்வளவுதான் அதுக்குத் தெரியும். எதுக்கு என்ன அர்த்தம்னு யாராவது சொல்லிக்கொடுக்கணும். அதுக்கப்புறம் அதுவே பேசும்."

"யார் சொல்லிக்கொடுக்கணும்?"

"இவங்கள நல்லாப் புரிஞ்சவங்க."

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஜெபகனியின் அம்மா செல்லக்கனி, சாத்தூரில் ஆராதனை முடித்துவிட்டு வந்திருந்தார். எல்லா ஞாயிறும் வருவார். மகளின் சடையை அவிழ்த்துப் பின்னுவார், மெல்லிய குரலில் பாட்டுப் பாடுவார், போய்விடுவார்.

"கொம்பையா தம்பிதான்" என்றார் உடனே. "அவிய வாயத் தொறந்தாலே எம் புள்ளைக்குச் சிரிப்பு வந்துரும். எனக்கு ஒரு தடவகூட அப்படிச் சிரிச்சதில்ல. நான் வந்தாக் கல்லு மாதிரி ஆயிருவா. அம்மா மேல என்ன கோவமோ, இங்க கொண்டாந்து விட்டுட்டேன்னு."

அதைச் சொன்னபோது அவர் கை சடையிலேயே நின்றுவிட்டது. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, அடுத்த நொடியே என்னைத் தேர்ந்தெடுத்ததில் பூரித்துப் போனேன். மனிதன் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறான், குறிப்பாகப் பேச்சாளன்.

ஒரு மழைக்காலம் முழுக்க ஒரு பலகையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பலகையில் சந்தோஷம், சோகம், வலி, ஆம், இல்லை, போதும் என்று பொத்தான்கள். "ஹ்ஹேஏ!" வந்தால் 'சந்தோஷம்'. அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சில நேரம் அவள் அசையாமல், தலையைக் கொஞ்சம் சாய்த்து, எங்கேயோ கேட்பதுபோல் இருப்பாள். அதற்கு 'சோகம்'. அப்படி அவளைப் பார்க்க எனக்கு மனசு கேட்காது. ஓடிப்போய் மாமியார் வீட்டு மாப்பிள்ளையை ஆரம்பிப்பேன். "ஹ்ஹேஏ!" என்று கலகலப்பாகிவிடுவாள். மறுபடியும் 'சந்தோஷம்'.

'போதும்' பொத்தானைத் தொடவேண்டிய அவசியமே வரவில்லை.

சொல்லி முதல் முதலாக வாய் திறந்த நாளில் நான் ஜோக் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெபகனி குலுங்கினாள். நாற்காலிக் கையிலிருந்து ஒரு இளம்பெண் குரல், "சந்தோஷம்! சந்தோஷம்!" என்றது. ஆயாக்கள் அழுதார்கள். நானும் அழுதேன். இத்தனை வருடப் பேச்சு வாழ்க்கையில் ஒரு ரசிகை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான்.

இனி அருணகிரி அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலை மிட்டாய்க் கம்பெனி முதலாளி. எங்கள் இல்லத்தில் ஓடும் மின்விசிறியில் பாதி அவர் வாங்கிக் கொடுத்தது. நல்ல மனுஷன். ஒரே ஒரு கெட்ட பழக்கம், மேடைப்பேச்சு. எங்கள் கட்டடம் மேம்பாலத்தை அகலப்படுத்த இடிபடப் போகிறது என்று தெரிந்ததும், நான்குவழிச் சாலைக்கு அந்தப் பக்கம், ஊரைவிட்டு வெகுதூரத்தில், ஒரு பெரிய வளாகம் கட்டினார். குளிர்சாதனம், புல்வெளி, வெந்நீர்க் குளம், ஆளுக்கொரு அறை.

அரசாங்கம் இன்னொரு பக்கம் 'ஊருக்குள் வீடு' என்று ஒரு திட்டம் வைத்திருந்தது. மார்க்கெட்டுக்குப் பின் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீடு. நாலு பேர் தங்குவார்கள், முறைவைத்து உதவியாளர்கள். நர்ஸ் கூப்பிட்டால் வருவார். மூன்று இடம் நிரம்பிவிட்டது. ஒன்று பாக்கி.

செல்லக்கனி அம்மாவுக்குக் குழப்பமே இல்லை. "வளாகம்தான் தம்பி. பெரிய சுவரு, எப்பவும் டாக்டரு. எனக்கு அப்புறம் அவளுக்கு யாரு இருக்கா?"

எனக்கும் குழப்பமில்லை. வளாகத்தில் மக்கள் தொடர்புக்குச் சென்னையிலிருந்து வேறு ஆள் வருகிறார். தெரு வீடோ என் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். என் ரசிகையை நான்குவழிச் சாலைக்கு அப்பால் அனுப்ப எனக்கு மனமில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது அவளுக்காக யோசிப்பதுபோல் இருக்காது என்று எனக்கே தெரிந்திருந்தது.

ஆனால் சட்டப்படி எங்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. ஜெபகனியை இரண்டு இடத்துக்கும் கூட்டிப்போய், சொல்லி என்ன சொல்கிறது என்று பதிவு செய்து, ஒப்புதல் அலுவலர் முன் வைக்க வேண்டும். ஒருமுறை வளாகத்துக்கு என்று முடிவானால் தெரு வீட்டின் அந்த ஒரே இடம் வேறு ஊர்க்காரருக்குப் போய்விடும். திரும்பி வர வழியில்லை.

முதலில் வளாகத்துக்குப் போனோம். வாசலில் தோரணம். உள்ளே அண்ணாச்சி மைக்கோடு நின்றார். "பசித்த வயிற்றுக்கு மிட்டாய் விற்று வளர்ந்தவன் நான்" என்று தொடங்கி, தன் முதல் அடுப்பு, இரண்டாவது அடுப்பு என்று அடுப்பு அடுப்பாக வந்துகொண்டிருந்தார். ஜெபகனி, "ஹ்ஹேஏ! ஹ்ஹேஏ!"

"சந்தோஷம்! சந்தோஷம்!" என்றது சொல்லி.

அண்ணாச்சி மைக்கை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். "பாத்தியாவே கொம்பையா? என் பேச்சுக்கு எப்படிச் சிரிக்கா பாரு!"

மறுநாள் தெரு வீடு. குறுகலான தெரு. ஜன்னலுக்கு வெளியே ஒரு கீரைக்காரம்மா இரண்டு ரூபாய்க்காக உலகத்தையே வைது கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மிக்ஸி கத்தியது. மினி பஸ் ஒன்று, ஓட்டுநர் இல்லாவிட்டாலும் பழக்கதோஷத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. யாரோ மாடியிலிருந்து, "ஏல, தண்ணி வந்துட்டு, மோட்டாரப் போடுல!" என்றார்கள்.

ஜெபகனி அசையவில்லை. தலையைச் சாய்த்துச் சிலையாக இருந்தாள்.

"சோகம்" என்றது சொல்லி. கொஞ்சம் கழித்து மறுபடி, "சோகம்."

செல்லக்கனி அம்மா சேலைத் தலைப்பால் மகளின் முகத்தைத் துடைத்தார். "போதும் தம்பி. பயப்படுதா. போயிரலாம்."

அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை.

"என்ன, ஜோக்கு எதுவும் விழலியா?" என்றாள் மனைவி.

"அண்ணாச்சி பேச்சுக்குச் சிரிச்சுட்டா."

"யாரு?"

"ஜெபகனி."

"அதுல என்ன ஜோக்கு இருந்தது?"

தட்டில் கையை வைத்தபடி யோசித்தேன். ஒன்றுமே இல்லை. அடுப்பு இருந்தது. வட்டிக்காரன் இருந்தான். அவர் அம்மாவின் கடைசி வார்த்தை இருந்தது. என் தொழிலில் தோற்றவன் என்றாலும் அதன் இலக்கணம் எனக்குத் தெரியும். அந்தப் பேச்சுக்கு மனுஷப் பிறவி எதுவும் சிரிக்க முடியாது. ஹிதாயாவுக்குப் போன் போட்டேன்.

"உங்க மெஷின் கெட்டுப்போச்சும்மா. அண்ணாச்சி பேச்சுக்குச் சந்தோஷம்னு சொல்லுது."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு சார். நீங்க என்ன சொல்லிக்கொடுத்தீங்களோ அதைத்தான் சொல்லுது."

"நான் சிரிப்பைத்தான் சந்தோஷம்னு சொல்லிக்கொடுத்தேன்."

"அது சிரிப்புன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

என் பக்கத்தில் மனைவி அப்பளத்தை நொறுக்கினாள்.

"சரி, தப்பா நினைக்காதீங்க," என்றாள் ஹிதாயா. "எனக்கும் ஒரு சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கு. உங்க பதிவு முழுக்க 'போதும்' ஒரு தடவைகூட வரல. இத்தனை மாசத்துல ஒருத்தருக்கு ஒரு தடவைகூடப் போதும்னு தோணாமலா இருக்கும்? அலுவலர் வர்ற அன்னிக்கு ஒரு சோதனை பண்ணலாம். ஆனா சார், முடிவு எப்படி வந்தாலும் உங்களுக்குச் சம்மதமா?"

எனக்கு விளங்கிவிட்டது. மெஷின் சொன்னது சரியென்றால் ஜெபகனி நான்குவழிச் சாலைக்கு அப்பால் போவாள். தப்பென்றால் பக்கத்துத் தெருவுக்கு வருவாள், ஆனால் அவள் ஒரு நாளும் எனக்குச் சிரித்ததில்லை. எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி எனக்குத்தான். பட்டிமன்றத்தில்கூட இரண்டு அணியிலும் ஒரே ஆளைத் தோற்கடிக்க மாட்டார்கள்.

"சம்மதம்" என்றேன்.

ஒப்புதல் அலுவலர் மரகதவல்லி வந்த நாளில் இல்லத்தின் கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். அலுவலர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பக்கத்து மாவட்டத்திலிருந்தே செய்தி வந்திருந்தது. அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் இருந்தார். செல்லக்கனி அம்மா மகளின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹிதாயா சொல்லியின் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, அந்த இடத்தில், 'ஹ்ஹேஏ' வந்தால் அடிக்கும் ஒரு மணியை மாட்டினாள்.

"ஜெபகனி, முதல் சுத்து. நீங்க சத்தம் கொடுத்தா கொம்பையா சார் பேசிக்கிட்டே இருப்பார். சும்மா இருந்தா நிறுத்திடுவார். சரியா?"

அவளிடமே நேராகச் சொன்னாள். நாங்கள் யாரும் அப்படி விளக்கியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஒரு மாப்பிள்ளை முதல் தடவையா..."

"ஹ்ஹேஏ!" மணி அடித்தது. தொடர்ந்தேன். "முதல் தடவையா மாமியார் வீட்டுக்கு..." மறுபடி "ஹ்ஹேஏ!" தொடர்ந்தேன். அப்புறம் கொஞ்சம் தயக்கம். அவள் தலை நேரானது. வாய் மூடியது. சத்தம் இல்லை. நான் நிறுத்தினேன்.

திரும்ப ஆரம்பித்தேன். சத்தம் இல்லை. நிறுத்தினேன். இன்னொரு தரம். இல்லை. எத்தனை தடவை ஆரம்பித்தாலும் அவள் வாயைத் திறக்கவேயில்லை. வாழ்நாளில் முதல் முறையாக என் ஜோக்கின் முன் அவள் அமைதியாக இருந்தாள்.

"இப்ப மாத்துவோம்," என்றாள் ஹிதாயா. "இனிமே நீங்க சத்தம் கொடுத்தா அவர் நிறுத்தணும்."

"ஒரு மாப்பிள்ளை..."

"ஹ்ஹேஏ!" மணி. நிறுத்தினேன்.

"ஒரு மாப்..."

மணி.

"ஒரு..."

மணி.

அடுத்ததற்கு மூச்சை மட்டும்தான் இழுத்தேன். மணி அடித்துவிட்டது. "ங்" என்று காற்றுப் பிடுங்கிய டயர்போல ஒரு சத்தம் என்னிடமிருந்து வந்தது. ஜெபகனியின் இடது சாக்ஸ் கழன்று தரையில் விழுந்தது. நான் குனிந்து மாட்டிவிட்டேன். கூடத்தில் எங்கோ ஆரம்பித்த சிரிப்பு எல்லாருக்கும் பரவியது. என் வாழ்க்கையிலேயே பெரிய வெற்றி அதுதான். அலுவலர்கூடப் பேனாவைக் கடித்தார்.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்தார். "அப்ப... என் பேச்சுக்கு அந்தப் புள்ள சொன்னது..."

"ஆமா சார்," என்றாள் ஹிதாயா, முடிந்தவரை மென்மையாக.

"போதும்னா?"

"ஆமா சார்."

அண்ணாச்சி உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "எங்க வீட்டுலயும் அதத்தான் சொல்லுதாவ. இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல."

செல்லக்கனி அம்மா இதையெல்லாம் கேட்டாரா என்றே தெரியவில்லை. அவர் ஹிதாயாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எம்மா, அப்ப அவ கல்லு மாதிரி இருப்பாளே... ஞாயித்துக்கிழம நான் பாடும்போது. அது என்னது?"

"கேட்டுப் பார்ப்போமாம்மா? அதே விதிதான். சத்தம் வந்தா நீங்க நிறுத்தணும்."

செல்லக்கனி அம்மா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். சர்ச் பாட்டுத்தான், சுதி கொஞ்சம் முன்னே பின்னே. ஜெபகனி தலையைச் சாய்த்தாள். முதல் அடி முடிந்தது. மணி அடிக்கவில்லை. அடுத்த அடி, அதற்கும் அடுத்தது. நான் மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முழுவதும் முடிந்தது. மணி தொங்கியபடி தொங்கியது.

அம்மா நிறுத்தியதும் ஜெபகனியிடமிருந்து ஒரு சின்ன சத்தம் வந்தது. "ம்." நாங்கள் யாரும் இதுவரை கேட்காத சத்தம். அல்லது கேட்டிருப்போம், என் குரலுக்கு அடியில் அமுங்கிப் போயிருக்கும்.

"இன்னும் பாடச் சொல்றாங்கன்னு நினைக்கிறேன்," என்றாள் ஹிதாயா. "நினைக்கத்தான் செய்றேன். நீங்களே பாருங்க."

அம்மா மறுபடி பாடினார். "ம்" வரவில்லை. நிறுத்தினார். "ம்." பாடினார். இரண்டாவது தடவை நிறுத்தியபோது அவரால் தொடர முடியவில்லை. மகளின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். "கோவம்னுல்லாட்டி நினைச்சேன். இத்தன வருசமா கோவம்னுல்லா நினைச்சேன்."

அதன் பிறகு இரண்டு இடத்தின் ஒலிப்பதிவையும் ஒவ்வொன்றாகப் போட்டாள் ஹிதாயா. வளாகத்தின் குளிர்சாதன இரைச்சலும் தூரத்து லாரிச் சத்தமும் வந்தவுடனே மணி அடித்தது. மறுபடி போட்டாள். மறுபடி அடித்தது.

"என் பேச்சை எடுத்துட்டுத்தான போட்டீய?" என்றார் அண்ணாச்சி.

"எடுத்துட்டுத்தான் சார்."

அவர் முகத்தில் கொஞ்சம் நிம்மதி வந்தது.

தெரு வீட்டுப் பதிவில் கீரைக்காரம்மா வைதார். மிக்ஸி கத்தியது. மோட்டாரைப் போடச் சொன்னார்கள். ஜெபகனி தலையைச் சாய்த்துக் கேட்டாள். பதிவு நின்றதும், "ம்."

அலுவலர் மரகதவல்லி செல்லக்கனி அம்மாவைப் பார்த்தார். "என்னம்மா சொல்றீங்க?"

"எனக்கு அந்தத் தெருவப் பாத்தாப் பயமாத்தான் இருக்கு," என்றார் அம்மா. "ராத்திரி ஒண்ணுன்னா டாக்டரு வரணும். ஆனா அவளக் கேட்டுட்டு, அவ சொன்னப்புறம், இல்லன்னு எப்படிச் சொல்ல?"

"மூணு மாசம் தெரு வீட்டுல இருக்கட்டும். வளாகத்துலயும் ஒரு அறை அவங்க பேர்ல இருக்கணும். நடுவுல மனசு மாறினா மாத்திக்கலாம். அண்ணாச்சி?"

"இருக்கட்டும், இருக்கட்டும்," என்றார் அண்ணாச்சி. "நான் அங்க போய்ப் பேசாம இருந்தா ஒருவேள புள்ள வந்தாலும் வரும்."

எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் வளாகத்துக்குத்தான் போனார்கள். அதையும் சொல்ல வேண்டும். எல்லாரையும் மணி வைத்துக் கேட்டார்கள், கேட்டதில் பலருக்குப் புல்வெளியும் வெந்நீரும்தான் பிடித்திருந்தது. அங்கே இப்போது பிறந்தநாள்காரர்கள் வந்தால் சாப்பாடு முதலில், பேச்சு அப்புறம். பேசும்போது மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும். அதிகம் மணி வாங்கியவர் அண்ணாச்சிதான். முடியும்வரை விட மாட்டார் என்று பேர் வாங்கியவர், இப்போது அடுப்பைத் தாண்டுவதற்குள் முடித்துவிடுகிறார். வீட்டிலும் அவருக்கு மதிப்புக் கூடியிருக்கிறது என்று கேள்வி.

சொல்லியைத் திரும்பப் பழக்கினார்கள். நான் பலகையை எடுத்துக்கொண்டு போனபோது ஹிதாயா அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள்.

"இந்தத் தடவை ஆள் வேண்டாம் சார். அவங்க ஒரு சத்தம் கொடுத்தா என்ன நடக்குதோ, அதை வெச்சு அவங்களே சொல்லிக்கொடுப்பாங்க. நேரம் ஆகும்."

நேரம் ஆயிற்று. ஆறு பொத்தான் போய், நாளுக்கொரு புதுச் சொல் சேர்கிறது என்று செய்தி வந்தது. நான் அந்தப் பக்கமே போகவில்லை. வேலை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில், என்னை இவ்வளவு நாள் பொறுத்துக்கொண்ட ஒருத்தியை எந்த முகத்தோடு பார்ப்பது என்று தெரியவில்லை. முகம் அவளுக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

கடைசியில் மனைவிதான் தள்ளிவிட்டாள். "போய்ப் பாத்துட்டு வாங்க. வாயத் திறக்காம உக்காந்துட்டு வாங்க. முடியாதா?"

ஒரு சாயங்காலம் போனேன். ஜன்னலோரம் நாற்காலியில் ஜெபகனி. இப்போது ஒற்றைச் சடை. இரட்டைச் சடை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். செல்லக்கனி அம்மா உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் சனிக்கிழமையே வந்துவிடுகிறார். உதவியாளர் எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டு டீ வைக்கப் போனார்.

வெளியே கீரைக்காரம்மா யாரையோ வைதார். ஜெபகனி தலையைச் சாய்த்துக் கேட்டாள். நானும் கேட்டேன். முதல் முறையாக அந்தம்மாவின் வசவை முழுதாகக் கேட்கிறேன். பிரமாதமான வசவு. நான் பட்டிமன்றத்தில் இந்த வேகத்தில் பேசியிருந்தால் இன்றைக்கு என் கதையே வேறு.

வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. நேரம் போயிற்று. தெருவிளக்கு எரிந்தது.

"கொம்பையா" என்றது சொல்லி.

தூக்கிவாரிப் போட்டது. "ஆமாம்மா, நான்தான். எப்படிக் கண்டுபிடிச்சே?"

"மூச்சு."

மணி அடித்த அந்த மூச்சு. என்ன சொல்வதென்று தெரியாதபோது என் வாயில் ஒன்றுதான் வரும், பாழாய்ப்போன பழக்கம்.

"ஒரு மாப்பிள்ளை முதல் தடவையா..."

"போதும்" என்றது சொல்லி.

"ங்" என்றேன், காற்றுப் போன டயராக.

அவள் இடது காலில் விரல்கள் மடங்கின, நிமிர்ந்தன, மறுபடி மடங்கின. சாக்ஸ் நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து மாட்டக் குனிந்தேன். குனிந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். கால் விரல்கள் அடங்கவில்லை. டாக்டர் சொன்ன வலிப்பு இவ்வளவு சரியான இடத்தில் வருமா? அன்று கூடத்தில், ஊரே சிரித்தபோது, முதலில் சாக்ஸ் அல்லவா விழுந்தது?

"இன்னொரு தடவை" என்றது சொல்லி.

"என்னது?"

"இன்னொரு தடவை."

நிமிர்ந்து உட்கார்ந்தேன். நெஞ்சில் ரொம்ப நாளாக ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து வெளியே போனது. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ஒரு மாப்பிள்ளை..."

"போதும்."

"ங்."

விரல்கள் ஆடின.

"இன்னொரு தடவை."

உதவியாளர் டீயோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். டீ ஆறியது. உள்ளறையிலிருந்து செல்லக்கனி அம்மா எழுந்து வந்து, என்னையும் மகளின் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாக்ஸை எடுத்து மடித்து அலமாரியில் வைத்தார்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் போகிறேன். மாப்பிள்ளை இன்னும் மாமியார் வீட்டுத் தெருமுனையைக்கூட எட்டவில்லை.